‘‘நாளைக்கு எங்கம்மா போறோம்?’’ - அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாண்டுகளுக்குப் பக்கத்திலேயே ஜாலி ஸ்பாட்ஸ்!

சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் போதும்... சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளில் இந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும். குழந்தை அம்மாவைக் கேட்கும், அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா போனைப் பார்ப்பார். ‘‘மெரினா போலாமாங்க?’’ என்றால், அம்பத்தூரிலிருந்து போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். ஆவடி, பட்டாபிராம் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் மாலில் போய் நிற்பார்கள். கேம் ஸோன் கார்டுக்கு ஒரு தொகை, பர்கருக்கு ஒரு தொகை, பார்க்கிங்குக்கு ஒரு தொகை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் இரண்டாயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கும். மூன்று வயசுக் குழந்தையோ அங்கே எஸ்கலேட்டரில் ஏறி இறங்கியதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் கடிகாரமே ஷிப்ட்தான். பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் குழந்தையும் சேர்ந்தாற்போல் கண்ணில் படுவது ஞாயிறு ஒரு நாள். அந்த ஒரு நாளும் டிராபிக்கிலும் ஏ.சி ஹாலிலும் கரைந்துபோனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மிச்சம் ஆறு நாளும் குழந்தையைச் சமாளிப்பது போன்தான் என்பது இன்னொரு கவலை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு ஸ்க்ரீன் நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதே வயசில் ஓட்டம், ஆட்டம், நடை என்று தினமும் 3 மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது அது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ‘கார் வருது, ஓரமா போ’ என்று விரட்டப்படும் குழந்தை எங்கே போய் 3 மணி நேரம் ஓடும்?

‘நம்ம ஏரியாவுல ஒண்ணுமே இல்லைங்க’ என்பது இந்தப் பக்கத்துக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். அது பாதிதான் உண்மை. பீச் இல்லை, ஆனால், ஏரி இருக்கிறது. ஒன்றல்ல, அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று வரிசையாக இருக்கிறது.

பருத்திப்பட்டு: நம்ம பக்கத்து பீச்!

ஆவடி - பூந்தமல்லி சாலையில் இருக்கும் பருத்திப்பட்டு ஏரி, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆவடி நகராட்சி, மாநகராட்சியாக உயர்ந்ததும் அதே வருடம்தான். ஏரியை ஒட்டி நீளமான நடைபாதை, குழந்தைகள் விளையாட இடம், படகு சவாரி என்று ஒரு சாயந்திரத்துக்குத் தேவையானது இருக்கிறது. நடைபாதை முழுவதையும் சுற்றி முடிப்பது பெரியவர்களுக்கே ஒரு வேலை. அதனால் நான்கு வயசுக்காரரை வைத்துக்கொண்டு ‘முழு ரவுண்டு’ சபதமெல்லாம் வேண்டாம். பாதி வழியில் ‘தூக்கு’ என்று கை நீட்டினால், திரும்பி வர அதே தூரம் தூக்கித்தான் ஆக வேண்டும்!

படகைவிட சுவாரஸ்யமான ஒன்று அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. பறவைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த ஏரிகளுக்கு வலசைப் பறவைகள் வரும் சீசன். ‘என் குழந்தைக்குக் காக்காவைத் தவிர ஒண்ணும் தெரியாது’ என்று தயங்க வேண்டாம். அம்மா அப்பாவுக்கும் தெரியாது என்பதுதான் இதில் சௌகரியம், சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். நான்கைந்து பெயர் தெரிந்தால் போதும். உடம்பு கறுப்பாக, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டதுபோல இருந்தால் அது நாமக்கோழி. அதே சைஸில் நெற்றியும் அலகும் சிவப்பாக, அலகு நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற பெரிய பறவை, நத்தைகுத்தி நாரை. நத்தையைப் பிடித்துச் சாப்பிடுவதற்கு வசதியான அலகு அது. கரையோரக் கம்பத்தில் உட்கார்ந்து, துணி காயப்போட்டதுபோல இரண்டு இறக்கையையும் விரித்து வைத்திருந்தால், நீர்க்காகம். அதன் இறகு வாத்து இறகுபோல தண்ணீரை உதறித் தள்ளாது, நனைந்துவிடும். அதனால்தான் முங்கி மீன் பிடித்துவிட்டு வெயிலில் காய வைக்கிறது. இதைச் சொன்னால் குழந்தையிடமிருந்து அடுத்த கேள்வி வரும்: ‘‘அதுக்கு ஜலதோஷம் பிடிக்காதாம்மா?’’

இருப்பதிலேயே குட்டிகளுக்குப் பிடித்தது முக்குளிப்பான். கைக்குள் அடங்குகிற சின்னப் பறவை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது டபக்கென்று முங்கும். எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. ‘இங்கதான் வரும்’, ‘இல்ல, அங்க’ என்று அப்பாவும் பிள்ளையும் பந்தயம் கட்டலாம். அரை மணி நேரம் போவதே தெரியாது. பைனாகுலர் எல்லாம் பெரிய குழந்தைகளுக்கு. மூன்று, நான்கு வயசுக்காரர்களுக்கு அதைக் கண்ணில் சரியாகப் பிடிக்கவே வராது, அழுகையில்தான் முடியும்.

கொஞ்சம் ஆர்வம் வந்துவிட்டால், ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகிறார்கள். நான்கு நாள்கள் நடக்கும் இதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓர் இடத்தில் 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிவு செய்தால் போதும். மொட்டை மாடியில் நின்றுகூடச் செய்யலாம். ‘நான் எண்ணின மைனாவும் கணக்குல இருக்கு’ என்று ஒண்ணாங்கிளாஸ் குழந்தை ஸ்கூலில் போய் சொல்லிக்கொள்ளும் பெருமை இருக்கிறதே... அது எந்த கேம் ஸோனிலும் கிடைக்காது.

ஒரு விஷயத்தை மறைக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாவற்றுக்கும் கழிவுநீர்ப் பிரச்னை இருக்கிறது. சில நாள்களில் கரையில் நிற்க முடியாத நாற்றம் அடிக்கும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அங்கே குடியிருப்பவர்களே ஒன்றுசேர்ந்து தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்களில் யாரும் அதிகாரியில்லை, அந்தத் தெருக்களில் வாழ்பவர்கள். இன்றைக்கு ஞாயிறு காலையில் குழந்தையைக் கூட்டிப்போய் நிற்க ஒரு கரை மிச்சம் இருப்பதில் அவர்களைப் போன்றவர்களுக்குப் பங்கு இருக்கிறது. அதனால் சிப்ஸ் பாக்கெட்டைக் கரையில் வீசிவிட்டு வரும் பெற்றோரைப் பார்த்தால் கோபம் வருவது நியாயம்தான். ஏரிக்குப் போகிற பையில் ஒரு காலி கவர் கட்டாயம் இருக்கட்டும்.

இன்னொன்று. பூங்கா அமைக்காத ஏரிக்கரைகளுக்குச் சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பது மேலே தெரியாது. கணுக்கால் அளவுத் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை முழுக்கிவிடும். கோடை விடுமுறையில் ஏரியில் மூழ்கிய பிள்ளைகள் பற்றிய செய்தி வராத வருடம் இல்லை. படகு சவாரியிலும் லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டுக் கட்டிவிட்டால், தண்ணீரில் அது கழுத்து வழியாகக் கழன்று வந்துவிடும். சரியான சைஸ் இல்லை என்றால் அன்றைக்குப் படகு வேண்டாம். அழுதால் அழட்டும்.

5 ரூபாய் ஜாலி ரைடு!

பெரியவர்களுக்கு மின்சார ரயில் என்றால் நெரிசல், வியர்வை, ஆபீஸ். மூன்று வயசுக் குழந்தைக்கு அது திருவிழா! ஐந்து வயசு வரை டிக்கெட் கிடையாது. 5 முதல் 12 வரை அரை டிக்கெட். பெரியவர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இவ்வளவு சின்னச் செலவில் வேறு எந்த ரைடு இருக்கிறது?

கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அம்பத்தூரில் ஏறினால் திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று ஏழாவது ஸ்டேஷனில் இறங்கலாம். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர்ப் பலகையையும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னால் அதுவே ஒரு தமிழ் கிளாஸ். வழியில் ஆவடி பணிமனையில் மின்சார ரயில்கள் வரிசையாக ஓய்வெடுப்பது ஜன்னல் வழியாகவே தெரியும். ‘ரயிலெல்லாம் தூங்குது’ என்பார்கள் வாண்டுகள். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த வழியாகத்தான் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம். தாத்தா பாட்டியும் கூட வந்தால் கரி என்ஜின் கதை தானாகவே ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவாக ஓடும் என்பதால் திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. பசியோடு இருக்கும் குழந்தையுடன் பிளாட்பாரத்தில் 40 நிமிஷம் என்பது சின்ன நரகம்.

சரி, திருநின்றவூரில் என்ன இருக்கிறது? 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே இருதயாலீஸ்வரர் கோயில். குழந்தைகளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கோயிலின் கதைதான். பூசலார் என்பவருக்குக் கோயில் கட்ட ஆசை, கையிலோ காசு இல்லை. என்ன செய்தார்? மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். கல், சுண்ணாம்பு, ஆள், கூலி எல்லாம் மனசில்தான். அஸ்திவாரம் போட்டு, கோபுரம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா பெரிய கற்கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார். சிவன் ராஜாவின் கனவில் போய், ‘நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டாராம்! ராஜா தேடிக்கொண்டு வந்தால் ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை...

இந்தக் கதையை ரயிலிலேயே சொல்லிவிட்டு, ‘நீயும் கண்ணை மூடி மனசுக்குள்ள ஒண்ணு கட்டு, திருநின்றவூர் வந்ததும் என்ன கட்டினன்னு சொல்லு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் ஐஸ்க்ரீம் கடை கட்டுவார், இன்னொருவர் டைனோசருக்கு வீடு கட்டுவார். போன் கேட்காத ஏழு ஸ்டேஷன் உங்களுக்கு உத்தரவாதம். சாமி கும்பிடும் பழக்கம் இல்லாத வீடாக இருந்தாலும் கதை கதைதானே!

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில். இங்கே நந்தியிடம் குழந்தையை நிறுத்தி, ‘இதுல என்ன வித்தியாசம், கண்டுபிடி’ என்று கேளுங்கள். மற்ற சிவன் கோயில்களில் நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகச் சண்டைக்குப் போகத் தயாராக இருக்கிறாராம் நந்தி. அந்தத் தொண்டைமானின் யானையின் காலைத்தான் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, அதை அவர் வாளால் வெட்ட, கீழே லிங்கம் தெரிந்தது என்பது தலபுராணம். ஊர்ப் பெயரில் முல்லை வந்த கதை அது. சண்டையில் ஜெயித்துக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் எருக்கந்தூண்கள் இரண்டும் கருவறை முன்பு நிற்கின்றன. ரோட்டோரம் நிற்கும் எருக்கஞ்செடியைக் காட்டிவிட்டு இந்தத் தூணைக் காட்டினால், ‘இது எப்படி அது ஆச்சு?’ என்று குடைந்தெடுத்துவிடுவார்கள்.

இரண்டு ஊரிலும் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஆட்டோதான் வசதி. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலோ சாயந்திரமோ போங்கள்.

ரயில் பைத்தியங்களுக்கு...

வீட்டில் ரயில் பைத்தியம் பிடித்த குட்டி இருந்தால் அடுத்த ஞாயிறு நியூ ஆவடி சாலையில் ஐ.சி.எஃப் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம். வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். 2002-ல் திறக்கப்பட்ட இடம். பழைய என்ஜின்கள், பெட்டிகள் திறந்தவெளியில் நிற்கின்றன. பொம்மை ரயில் சவாரியும் உண்டு. நம் ஊரில் செய்த முதல் ரயில் பெட்டி 1955 அக்டோபர் 2 அன்று பக்கத்து ஐ.சி.எஃப் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. இப்போது எல்லாக் குழந்தைகளும் படம் வரையும் வந்தே பாரத் ரயிலும் முதலில் செய்யப்பட்டது அதே இடத்தில்தான். இதைச் சொன்னதும் ‘அங்க வேலை செய்யற அங்கிள் யாராச்சும் தெரியுமாப்பா?’ என்று கேட்டால் ஆச்சர்யப்பட வேண்டாம். அம்பத்தூர், வில்லிவாக்கம் பக்கம் எல்லோருக்கும் அப்படி ஓர் அங்கிள் தெரிந்திருக்கும்!

திங்கள்கிழமை விடுமுறை. வெயில் நாளில் இரும்பு கொதிக்கும் என்பதால் மூன்றரை மணிக்கு மேல் போவது உத்தமம்.

பூந்தமல்லி பக்கம்

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் தீம் பார்க், உயரக் கட்டுப்பாடு உள்ள ரைடுகளை நம்பி நடக்கும் இடம். எட்டு வயசு அண்ணனுக்குக் கொண்டாட்டம், மூன்று வயசுத் தங்கைக்கு வெறும் வேடிக்கை. ஐந்து வயசுக்குக் கீழ் மட்டும் இருக்கும் வீடுகள் அந்தச் செலவை இரண்டு, மூன்று வருடம் தள்ளிப்போடலாம். அதற்குப் பதில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நேராக வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போக நகரத்துக்குள் நுழைய வேண்டிய அவசியமே பூந்தமல்லி, ஆவடிக்காரர்களுக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. 602 ஹெக்டேர் இடம் என்பதால் எல்லா மிருகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைத்தால் குழந்தை, ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தூங்கிவிடும். ‘இன்னிக்கு யானை, நீர்யானை மட்டும்’ என்று பேசிவைத்துக்கொண்டு போவது சமாளிக்கக்கூடிய திட்டம்.

செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர் மழைக்காலத்தில் தினமும் டி.வி-யில் வரும். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆனால், அது குடிநீர் ஏரி. பூங்காவாக நினைத்து உள்ளே இறங்குகிற இடமல்ல.

காசே இல்லாத ஞாயிறு

மாசக் கடைசியில் வரும் ஞாயிற்றுக்கும் வழி உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டின் உள்தெருக்களில் ஞாயிறு விடிகாலையில் லாரி நடமாட்டம் மற்ற நாள்களைவிடக் குறைவு. சைக்கிள் பழக்க அதைவிட அகலமான சாலை இந்தப் பக்கம் கிடைக்காது. (தமிழ்நாட்டில் பாதிப்பேர் பழகிய சைக்கிள்களைச் செய்த டி.ஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியதும் இதே அம்பத்தூரில்தான்.) பின்னாலேயே ஓட ஒரு பெரியவர் தேவை. எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

வெயிலோ மழையோ என்றால் கிளை நூலகம். பொதுவாக வெள்ளிக்கிழமைதான் அவற்றுக்கு விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். படம் பார்க்கும் புத்தகமாக நாலு எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பா பேப்பர் படிக்கலாம். பக்கத்தில் இருப்பவர் ‘ஷ்ஷ்’ என்பார், பரவாயில்லை.

போக்குவரத்துக்கும் பெரிதாக ஆகாது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ஐந்து வயசு வரை குழந்தைகளுக்கும் இல்லை. அம்மாவும் பிள்ளையும் மட்டும் போகும் வார நாள் அவுட்டிங்குக்கு இது பெரிய வரம்.

கிளம்பும் முன்...

எந்த இடமாக இருந்தாலும் அம்மாக்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: ‘அங்க டாய்லெட் எப்படி?’ ஊஞ்சல் எத்தனை, சறுக்கு மரம் எத்தனை என்று எழுதிவைக்கும் பூங்காக்களும் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை. உள்ளே போனதும் முதல் வேலையாக டாய்லெட் எங்கே, தண்ணீர் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நிலைமை மோசம் என்றால் அன்றைய திட்டத்தை ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளலாம். கைக்குழந்தை இருந்தால் பெரிய பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். 2015-லிருந்து தமிழகப் பேருந்து நிலையங்களில் அதற்கென்று அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன.

பையில் மாற்று உடுப்பு இரண்டு செட், தண்ணீர், வீட்டில் செய்த சுண்டலோ புளிசாதமோ, கொசுவுக்கு ஏதாவது ஒரு க்ரீம் (ஏரிக்கரையில் ஆறு மணிக்கு மேல் கொசு ராஜ்யம்). கூட்டமான இடம் என்றால் குழந்தையின் முழங்கையில் பேனாவால் உங்கள் போன் நம்பர். காலை 11 முதல் 4 வரை, ஏப்ரல், மே மாதங்களில் எந்தத் திறந்தவெளி இடமும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கோயில், ஏரி, மியூசியம் என்று மூன்றையும் ஒரே ஞாயிற்றில் அடைத்தால், மூன்றாவது இடத்தில் குழந்தையும் அழும், பெரியவர்களும் சண்டை போடுவார்கள்.

திரும்பி வந்த அன்று ராத்திரி, ‘இன்னிக்கு என்ன பார்த்தே?’ என்று கேட்டு ஒரு பழைய நோட்டில் வரையச் சொல்லி வையுங்கள். முக்குளிப்பான் வாத்து மாதிரியும், நந்தி நாய் மாதிரியும்தான் வரும். தேதி மட்டும் நீங்கள் எழுதிவிடுங்கள்.